ஈறில் தடவும் மருந்து

பல் முளைக்கும் பருவத்தில் குழந்தை அழுவது இயற்கை. அந்த அழுகையைப் பெற்றவள் பொறுக்கமாட்டாமல் தவிப்பதும் இயற்கையே. ஆண்டர்சன்பேட்டையில் என் அக்காளின் ஐந்து மாதக் குழந்தை இரண்டு இரவு உறங்கவில்லை. மூன்றாம் நாள் அக்காள் கணவர் கடைத்தெருவிலிருந்து, வாய்ப்புண்ணுக்குப் பூசும் களிம்பு ஒன்றை வாங்கி வந்தார். மருத்துவர் சீட்டைக் கேட்பாரில்லை, யாருக்கென்று கேட்பாருமில்லை. விடுமுறைக்குச் சென்றிருந்த நான் அதை வாங்கிப் படித்தேன். பொடி ஆங்கில எழுத்தில் இருந்தது: பென்சோகைன், நூற்றுக்கு இருபது பங்கு.

“மேலே பூசுகிற மருந்து உள்ளே என்னடா செய்துவிடும்?” என்றாள் அக்காள். நியாயமான கேள்விதான். விடையை எங்கள் ஊர் சயனைடு மேட்டிலிருந்து தொடங்கினேன்.

தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண் மட்டும் குன்று குன்றாக இன்னும் நிற்கிறது. சயனைடு நஞ்சு ஏறியவருக்குச் சோடியம் நைட்ரைட்டைச் செலுத்துவது நெடுநாளைய மருத்துவ முறை. அது ஹீமோகுளோபினில் ஒரு பகுதியை மெத்தெமோகுளோபினாக மாற்றும். அதாவது, இரத்தத்திலுள்ள இரும்பு ஓர் எலெக்ட்ரானை இழந்துவிடும். இழந்த இரும்பு சயனைடைப் பற்றிக்கொள்ளும். ஆனால் பிராணவாயுவைச் சுமக்காது. நஞ்சுண்டவருக்கு அது உயிர்ப்பிச்சை. நஞ்சே உண்ணாத பச்சிளங்குழந்தைக்கு? பென்சோகைன் உடலுக்குள் சிதைந்து சில வேளை செய்வதும் இதே மாற்றத்தைத்தான்! கெட்ட ஹீமோகுளோபினைச் சீர்செய்யும் நொதி பெரியவர்களுக்குப் போதிய அளவில் உண்டு; கைக்குழந்தைக்குக் குறைவு. ஒரே முறை பூசினாலும் வரலாம். உதடும் நகமும் நீலம் பாயும், மூச்சு வாங்கும், இரத்தம் சாக்லேட் நிறமாகும். பிராணவாயு கொடுத்தாலும் நீலம் தெளியாது. மருத்துவமனையில் ஏற்றும் மாற்று மருந்தின் பெயர் மெத்திலீன் நீலம். நீலத்தை நீலமே போக்கும் விந்தை!

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2009 முதல் 2017 வரை 119 பேருக்கு இவ்வாறு நேர்ந்ததென்றும், நால்வர் மாண்டனரென்றும், அவருள் ஒன்று கைக்குழந்தையென்றும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கண்டது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்குப் பென்சோகைன் பூசவே கூடாதென்று 2018-இல் எச்சரித்தது.

வேறு களிம்பு வாங்கலாமே என்பீர்கள். லிக்னோகைன் எச்சிலோடு வழிந்து வயிற்றுக்குள் போகும். அழுகை அடங்கவில்லையென்று மீண்டும் மீண்டும் பூசுவார்கள். அளவு மீறினால் வலிப்பு வரும், இதயம் தடுமாறும். கோலின் சாலிசிலேட் கலந்தவற்றை 16 வயதுக்குட்பட்டோருக்கு 2009-லேயே பிரிட்டன் விலக்கிவிட்டது. நம் கடைகளிலோ மூன்றும் கிடைக்கின்றன.

எனக்கு ஆத்திரம் கடைக்காரர்மேல்கூட அவ்வளவு இல்லை. அந்தப் பொடி எழுத்தின்மேல்தான். எங்கள் ஊர் வீடுகளில் குழந்தைக்கு மருந்து பூசுவது பெரும்பாலும் ஆயாவின் கை. ஆயாவுக்குத் தெரிந்த எழுத்து தமிழ். குழாயிலோ ஒரு தமிழ் எழுத்தும் இல்லை.

பொங்கலுக்கு ஊர் செல்லும் நண்பர்களே, வீட்டு அலமாரியிலுள்ள களிம்புகளை எடுத்துப் பாருங்கள். பென்சோகைன், லிக்னோகைன், சாலிசிலேட் என்றிருந்தால், “குழந்தைக்குப் பூசாதே” என்று கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஈறு வலிக்குக் கழுவிய விரலால் மெல்லத் தேய்த்துவிட்டாலே போதும். குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியும் உதவும்.