ஐந்து நிமிஷம்

சென்ற வருஷம் ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே கொடுத்த கம்ப்யூட்டரில் எனக்குக் கை ஓடவில்லை. பத்து வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்திய பழைய பெட்டியையே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டு போனேன். மானேஜர் நல்லவர். "அதையே டொமைனில் சேர்த்துவிடச் சொல்கிறேன்" என்றார்.

டொமைன் என்பது ஒரு கூட்டுக் குடும்பம். டொமைன் கன்ட்ரோலர் என்ற கம்ப்யூட்டர்தான் அங்கே பெரியவர். யார் உள்ளே வரலாம், எந்த அலமாரியைத் திறக்கலாம் என்பதெல்லாம் அவர் வைத்த சட்டம்.

சேர்த்து வைக்க வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "அப்படி ஒரு டொமைனைக் காணோம்" என்று திரை திரும்பத் திரும்பச் சொல்லிற்று. பையன் குனிந்த தலை நிமிராமல் ஏதேதோ தட்டிப் பார்த்தான். மத்தியானம் வரையில் பொறுத்தேன். பிறகு மானேஜரிடம் போய், "இந்தப் பையனுக்கு வேலை தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு, காப்பியும் குடித்துவிட்டு வந்தேன்.

"ஸார், உங்கள் கம்ப்யூட்டர் விலாசம் விசாரிக்கிற இடமே தப்பு" என்றான் பையன்.

பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர். இண்டர்நெட் வேகமாக வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கூகிளின் 8.8.8.8 என்ற எண்ணை நானே என் பெட்டியில் எழுதி வைத்திருந்தேன். அது ஊர் உலகத்துக்கெல்லாம் விலாசம் சொல்லும். எங்கள் காரியாலயத்துக்குள் அடைந்து கிடக்கும் பெரியவரை அதற்கு எப்படித் தெரியும்?

பையன் எண்ணை மாற்றினான். பெரியவர் அகப்பட்டார், ஆனால் கதவைத் திறக்கவில்லை. கடிகாரம் ஒத்துப் போகவில்லையாம். திரையின் மூலையைப் பார்த்தேன். தேதி 2012 ஜனவரி 1!

"கெர்பெராஸ் என்று ஒரு காவல் முறை, ஸார். இரண்டு கடிகாரத்துக்கும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நம்பாது" என்றான். ஒருவருடைய அனுமதிச் சீட்டைத் திருடி வைத்துக் கொண்டு, பிற்பாடு வேறொருவன் காட்டி உள்ளே நுழைந்துவிடக் கூடாதே என்ற ஜாக்கிரதைதான்.

பெட்டியைத் திறந்து, ஒரு ரூபாய் நாணயம் போலிருந்த பாட்டரியை எடுத்துக் காட்டினான். அது என்றைக்கோ செத்துப் போயிருக்கிறது. வீட்டில் மின்சாரத் தொடர்பு அறாமல் இருந்ததால் குட்டு வெளிப்படவில்லை. ஆட்டோவில் ஏறியதும் கடிகாரம் பழைய காலத்துக்கே போய்விட்டது. பையன் புதுப் பாட்டரி போட்டு, நேரத்தைத் திருத்தினான். அடுத்த நிமிஷம், "டொமைனுக்கு நல்வரவு" என்று திரை சொல்லிற்று.

மானேஜர் அறைக்கு ஓடினேன். "தப்பெல்லாம் என் பெட்டியில்தான். பையன் கெட்டிக்காரன்" என்றேன்.

அவர் முகம் மாறிற்று. "அப்படியா? நீங்கள் சொல்லிவிட்டுப் போனதுமே டெலிபோனில் அவனைக் கூப்பிட்டுக் கண்டித்துவிட்டேனே!"

அப்படியானால், நான் காப்பி குடித்துவிட்டு வந்தபோதே அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் "ஸார், ஸார்" என்று அத்தனை பொறுமையாக விளக்கியிருக்கிறான். இன்னும் ஓர் ஐந்து நிமிஷம் நான் என் நாக்கை அடக்கிக் கொண்டிருந்தால்?

திரும்பிப் போய், "தம்பி, அவசரப்பட்டு உன்னைப் பற்றித் தப்பாகச் சொல்லிவிட்டேன். மானேஜரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடு" என்றேன்.

திருப்புளியைப் பைக்குள் வைத்துக் கொண்டே அவன் சொன்னான்: "பரவாயில்லை, ஸார். அந்த எண்ணை மட்டும் மறுபடியும் மாற்றிவிடாதீர்கள்."