ஒரு மாணவனை விட்டுவிட்டுப் போகாத அணி



விளையாட்டைப் பற்றி நான் எழுதுவது அரிது. எங்கள் பள்ளியின் வலைப்பந்துக் குழுவிற்குச் சில ஆண்டுகளாகப் பொறுப்பாசிரியையாக இருக்கின்றேன். அதைத் தவிர விளையாட்டுக்கும் எனக்கும் பெரிய உறவில்லை. ஆயினும், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணி ஒன்றின் வரலாற்றை அண்மையில் படித்தபோது அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. காரணம் இரண்டு. அது ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் அணி. அதற்குப் புதிதாக வந்து சேர்ந்த பயிற்றுநரோ ஓர் ஆங்கில ஆசிரியர். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்று வெளிவந்த நம்மைப் போன்றோருக்கு இதைவிட நெருக்கமான விளையாட்டுச் செய்தி வேறென்ன இருக்க முடியும்?

அந்த ஆசிரியரின் பெயர் ஜான் வுட்டன். கூடைப்பந்தை அறிந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியா பல்கலைக்கழக அணியை 1964 முதல் 1975 வரையிலான 12 ஆண்டுகளில் 10 முறை தேசிய வாகையர் ஆக்கியவர். தொடர்ந்து 88 ஆட்டங்களில் அவரது அணி தோல்வியே காணவில்லை. ஆனால், இன்று நான் சொல்லப்போவது அந்தப் புகழ்க்காலத்தைப் பற்றி அன்று. அதற்கும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, பெரிதாக யாரும் கவனிக்காத ஒரு சிறிய கல்லூரியில் நடந்ததைப் பற்றி.

வகுப்பறையிலிருந்து வந்தவர்

வுட்டன் 1910ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர். பர்டியூ பல்கலைக்கழகத்தில் பயின்றபோது நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களுள் ஒருவராக மூன்று முறை தேர்வு பெற்றார். 1932இல் பட்டம் பெற்றதும் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கச் சென்றார். முதலில் கென்டக்கி மாநிலத்தின் டேட்டன் நகரில். பின்னர் இந்தியானாவின் சவுத் பெண்ட் நகரில். பாடம் முடிந்த பிறகு மாலையில் விளையாட்டுப் பயிற்சி. நம்மில் பலருக்கும் பழக்கமான வாழ்க்கைதான்! இன்னொரு செய்தியும் உண்டு. பயிற்றுநராக அவர் கண்ட முதல் பருவத்தில் வெற்றிகளைவிடத் தோல்விகளே மிகுதி.

இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் பணியாற்றிவிட்டுத் திரும்பிய வுட்டன், 1946ஆம் ஆண்டு டெர்ரே ஹோட் நகரிலிருந்த இந்தியானா மாநில ஆசிரியர் கல்லூரியில் தலைமைப் பயிற்றுநராகப் பொறுப்பேற்றார். அவருக்கு முன்பு அப்பதவியில் இருந்தவர் கிளென் கர்ட்டிஸ். இவர் யார் தெரியுமா? பள்ளிப் பருவத்தில் வுட்டனுக்கே கூடைப்பந்து கற்றுக்கொடுத்தவர். ஆசானின் இருக்கையில் மாணவன் அமர்ந்தான். அந்த இருக்கை எளிதானதாகவும் இல்லை. முந்திய பருவத்தில்தான் கர்ட்டிஸின் அணி கன்சாஸ் நகரில் நடைபெற்ற சிறு கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் இறுதியாட்டம் வரை சென்று இரண்டாம் நிலை பெற்றிருந்தது. அதற்குக் குறைவாக எதைச் செய்தாலும் ஊர் பேசும்.

புதிய பயிற்றுநரோ ஊர் எதிர்பார்த்த வழியில் செல்லவில்லை. சவுத் பெண்டில் தம்மிடம் பயின்ற சில மாணவர்கள் உள்பட, பெரும்பாலும் இளையோரைக் கொண்டு அணியைக் கட்டினார். கூடைப்பந்தோடு பேஸ்பால் அணிக்கும் அவரே பயிற்றுநர். விளையாட்டுத் துறைக்கும் அவரே பொறுப்பாளர். அவற்றோடு வகுப்பிலும் பாடம் நடத்தினார். ஒருவரே ஐந்தாறு பொறுப்புகளைச் சுமக்கும் குறைந்த மாணவர் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு இதைப் படித்தவுடன் ஒரு புன்னகை வந்திருக்கும்!

வந்த அழைப்பும் மறுத்த கடிதமும்

அந்த முதல் பருவம் நன்றாகவே சென்றது. அணி இந்தியானா மாநிலக் கல்லூரிகளின் தொடரில் வாகை சூடியது. 1947ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நடைபெறவிருந்த அதே தேசியப் போட்டிக்கு அழைப்பும் வந்தது. ஓராண்டுக்கு முன்பு ஆசான் தவறவிட்ட கோப்பை, இப்போது மாணவனின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

ஆனால், அப்போட்டிக்கு ஒரு விதி இருந்தது. கறுப்பின ஆட்டக்காரர்கள் பங்கேற்கக்கூடாது.

வுட்டனின் அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின மாணவர் ஒருவர் இருந்தார். ஈஸ்ட் சிக்காகோ நகரிலிருந்து வந்தவர். அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் அல்லர். களமிறங்கும் முதல் ஐவரில் ஒருவரும் அல்லர். பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராக விசிப்பலகையில் அமர்ந்திருப்பவர். அவரை ஊரில் விட்டுவிட்டுச் சென்றிருந்தால் அணியின் வலிமை பெரிதாகக் குறைந்திருக்காது. கேள்வி கேட்பாரும் அன்று மிகச் சிலரே. ஜாக்கி ராபின்சன் பேஸ்பால் பெருங்குழுப் போட்டிகளில் அடியெடுத்து வைத்து நிறத்தடையை உடைத்தது 1947 ஏப்ரலில். அதற்கும் ஒரு மாதம் முந்திய காலம் இது.

வுட்டன் அழைப்பை ஏற்க மறுத்துவிட்டார். அணி போகவில்லை.

இந்த இடத்தில் சற்று நிறுத்திச் சிந்திக்க வேண்டுகிறேன். மற்ற மாணவர்களும் அந்தப் பருவம் முழுவதும் உழைத்தவர்கள். தேசிய அரங்கில் ஆடும் வாய்ப்பு அவர்களுக்கும் வாழ்நாளில் ஒரு முறைதான் வரும். ஒரு மாணவனுக்காகப் பத்துப் பேரின் வாய்ப்பை இழக்கச் செய்வது நியாயமா என்று அன்றைய பெற்றோர் ஒருவர் கேட்டிருந்தால், அக்கேள்வியை முற்றாகத் தவறு என்று தள்ளிவிட முடியாது. ஆசிரியர்களாகிய நாம் இத்தகைய கணக்குகளை ஆண்டுதோறும் போடுகிறோம். எனினும், அந்தக் கணக்கில் ஒன்றை மறந்துவிடுகிறோம். அணியோடு போயிருந்தால் அந்தப் பத்து மாணவர்களும் கூடைப்பந்தோடு சேர்த்து வேறொரு பாடத்தையும் கற்றிருப்பார்கள். நம்மில் ஒருவனைக் கழற்றிவிட்டால் கோப்பை கிடைக்கும் என்ற பாடம் அது. நாளை வகுப்பறையில் ஆசிரியர்களாக நிற்கப்போகும் பலர் பயின்ற கல்லூரி அது என்பதையும் மறக்கலாகாது.

மறு ஆண்டு

1948இல் அணி முன்னிலும் சிறப்பாக ஆடியது. மீண்டும் அழைப்பு வந்தது. விதி அப்படியே இருந்ததால் வுட்டன் மீண்டும் மறுக்கும் எண்ணத்திலேயே இருந்தார். இம்முறை வேறு குரல்களும் எழுந்தன. நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் கல்லூரி அத்தடையை எதிர்த்தது. போட்டி தொடங்கும் வேளையில் ஏற்பாட்டாளர்கள் தடையை நீக்கினர்.

தடை நீங்கிற்றே தவிர அவமதிப்பு நீங்கவில்லை. வாக்கர் ஆடலாம், ஆனால் அணியினர் தங்கும் விடுதியில் அவர் தங்கக்கூடாது. இதைக் கேட்ட வுட்டன் தயங்கினார். வாக்கரின் குடும்பத்தாரும் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய தேசியச் சங்கத்தினரும்தாம் அவரைப் போகச் சொன்னார்கள். ஒரு மாணவன் அங்கே களமிறங்கினால் அடுத்து வருவோர்க்குக் கதவு திறக்கும் என்பது அவர்களின் எண்ணம். இதனை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். மாணவனுக்காகப் போராடிய ஆசிரியர், முடிவெடுக்கும் நேரத்தில் அந்த மாணவனின் வீட்டாருக்குச் செவிசாய்த்தார். உனக்கு எது நல்லது என்று எனக்கே தெரியும் என அவர் இருந்துவிடவில்லை.

வாக்கர் கன்சாஸ் நகரில் ஒரு கறுப்பினச் சமயப் போதகரின் இல்லத்தில் தங்கினார். ஆட்டத்திற்கு அணியோடு வந்து சேர்ந்தார். அப்போட்டியில் ஆடிய முதல் கறுப்பின மாணவர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. 32 அணிகள் பங்கேற்ற போட்டியில் அந்த ஆசிரியர் கல்லூரி இறுதியாட்டம் வரை முன்னேறியது. இறுதியில் லூயிவில் அணியிடம் 82க்கு 70 என்ற புள்ளிக் கணக்கில் தோற்றது. ஆக, கோப்பை இம்முறையும் கிடைக்கவில்லை. ஆயினும், அந்த ஆண்டு வென்ற அணியைவிடத் தோற்ற அணியைத்தான் இன்றும் பலர் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

வுட்டனின் கற்பித்தல் முறை பற்றி ஆசிரியர்கள் அறிய வேண்டியவை பல உள. எனக்குப் பட்ட மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, அடிப்படையில் காட்டிய அக்கறை. நாட்டின் மிகச் சிறந்த இளம் ஆட்டக்காரர்கள் அவரிடம் வந்தபோதும், பருவத்தின் முதல் பாடம் காலுறையைச் சுருக்கமின்றி அணிவதும் காலணியின் கயிற்றை இறுக்கிக் கட்டுவதும்தான். காலுறையில் சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் ஆட முடியாது. இவ்வளவே. எழுதுகோலைப் பிடிக்கும் முறையை முதலாம் ஆண்டு மாணவனுக்குப் பொறுமையாகச் சொல்லித் தரும் ஆசிரியை, இதே பணியைத்தான் செய்கிறார்.

இரண்டாவது, அவர் பேசிய விதம். 1974-75ஆம் பருவத்தில் ரொனால்ட் கேலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரு கல்வி உளவியலாளர்கள் வுட்டனின் பயிற்சிகளை நேரில் உற்றுநோக்கி, அவரது செயல்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தனர். மொத்தம் 2,326 கற்பித்தல் செயல்கள். அவற்றில் பாராட்டு 6.9 விழுக்காடு. அதிருப்தியைக் காட்டியவை 6.6 விழுக்காடு. ஏறத்தாழ முக்கால் பங்கு, எதை எப்படிச் செய்வது என்ற தகவல் மட்டுமே. பிழையைத் திருத்தும்போது சரியான முறையைச் செய்து காட்டுவார். மாணவன் செய்த தவற்றைச் செய்து காட்டுவார். மீண்டும் சரியானதைச் செய்து காட்டுவார். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். ஒரு நாள் பயிற்சியைத் திட்டமிட அவர் செலவிட்ட நேரம், அந்தப் பயிற்சி நடந்த நேரத்திற்குக் குறையாதது. "மிக நன்று" என்று எழுதுவதும் சிவப்பு மையால் சுழிப்பதும் மாணவனுக்குத் தீர்ப்பைத் தருகின்றன. அடுத்த முறை எப்படி எழுதுவது என்ற வழியைத் தருவதில்லை. இந்த ஆய்வைப் படித்த பிறகு, கட்டுரை நூல்களைத் திருத்தும்போது ஒவ்வொரு நூலிலும் செய்யத்தக்க குறிப்பு ஒன்றையாவது எழுதிவிடுகிறேன்.

மூன்றாவது, பெற்றோர்களுக்கானது. 1930களில் உயர்நிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த காலத்தில் வுட்டனை வருத்திய ஒன்று உண்டு. பிள்ளை 'ஏ' அல்லது 'பி' வாங்காவிட்டால் பெற்றோர்கள் ஆசிரியரும் தோற்றார், பிள்ளையும் தோற்றான் என்றே நினைத்தார்களாம். 'சி' என்பது அண்டை வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் போதுமான புள்ளியாம்! தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் கடல் கடந்து இங்கும் அதே கதைதானே? அந்த வருத்தத்திலிருந்துதான் வெற்றிக்குத் தமக்கென ஒரு விளக்கத்தை அவர் வகுத்துக்கொண்டார். தன்னால் இயன்ற முழு முயற்சியையும் செய்தேன் என்று அறிந்திருப்பதால் வரும் மனநிறைவே வெற்றி என்பது அதன் சாரம். நம் நாட்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. 'எத்தனை ஏ?' என்ற கேள்வி நம் வீடுகளிலிருந்து நீங்கியதா என்பதைப் பெற்றோர்கள்தாம் சொல்ல வேண்டும்.

பொறுமையின் கணக்கு

1948இல் வுட்டன் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றார். முந்திய பருவத்தில் 12 வெற்றி, 13 தோல்வி கண்டிருந்த அந்த அணி, அவரது முதல் பருவத்திலேயே 22 வெற்றிகளைக் கண்டது. ஆயினும், தேசிய வாகை அவருக்குக் கிடைத்தது 16ஆவது பருவத்தில்தான். இடைப்பட்ட காலத்தில், மற்போர் வீரர்களும் சீருடற்பயிற்சி மாணவர்களும் பகிர்ந்துகொண்ட பழைய கூடத்தில்தான் அவரது பயிற்சி நடந்தது. பயிற்சிக்கு முன்பு தரையைத் தாமே கூட்டித் துடைத்தார். ஒரு புதிய ஆசிரியரை அனுப்பிவிட்டு ஓராண்டில் அடைவுநிலை உயரவில்லையே என்று கேட்பவர்கள் இந்தப் பதினாறு ஆண்டுகளை ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம். 2010ஆம் ஆண்டு தமது 99ஆம் அகவையில் மறையும் வரை வுட்டன் தம்மை ஆசிரியர் என்றே கருதினார்.

சென்ற பருவத்தில் வட்டாரப் போட்டிக்குப் புறப்படும்போது வாகனத்தில் இடம் போதவில்லை. மாற்று ஆட்டக்காரர்கள் இருவரை விட்டுவிட்டுச் செல்லலாமே என்று உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அந்த இரு மாணவிகளும் கையில் தண்ணீர்ப் புட்டியோடு, எங்கள் பேச்சு காதில் விழாதது போல் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு தந்தை தம் மகிழுந்தைக் கொண்டுவந்ததால் அனைவரும் போய்ச் சேர்ந்தோம். அவ்விருவரும் அன்று களமிறங்கவே இல்லை. ஆனால், ஆட்டம் முடியும் வரை அவர்களின் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

உங்கள் பள்ளியிலும் பருவம் தொடங்கும்போது ஒரு பெயர்ப்பட்டியல் எழுதப்படும். அதன் கடைசிப் பெயரை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை ஆட்டத்தில் என்ன செய்வான் என்பதோடு, அவன் இல்லாமல் புறப்பட்டால் மற்றப் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை முதல் ஐவரில் ஒருவராக இருந்தாலும் இக்கேள்வி உங்களுக்கும் உரியதே.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியை