வாங்கிப் பாடுகிறவர்கள்

அறச்சலூர் நாகமலைக்கு ஐந்து பேர் போயிருந்தோம். குகைத்தளத்துப் பாறையில் வரிக்கு ஐந்தெழுத்தாக ஐந்து வரிகள். த, தா, தை, தே. இவ்வளவுதான் சரக்கு. இடமிருந்து வலமோ மேலிருந்து கீழோ, எப்படிப் படித்தாலும் ஒன்றாகவே வரும் கட்டம். எழுத்துக்களைச் சேர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்ற குறிப்பும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் புலவர் செ. இராசு கண்டறிந்தது. எழுத்தமைதியைக் கொண்டு கி.பி. 2க்கும் 4க்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் வைக்கிறார்கள்.

வண்ணக்கன் மணியின், நாணயத்தின் தரம் பார்ப்பவன். எது நிற்கும் என்று சொல்வதே அவன் பிழைப்பு. அவன் போய், பிறந்த கணமே இல்லாமலாகிவிடும் சத்தத்தைப் பாறையில் வெட்டிவைத்தான். அசை தங்கிவிட்டது. வேகம், காலடி, மூச்சு தங்கவில்லை.

கல் மட்டும் சாசுவதமா? ஈரக் காகிதத்தை ஒற்றி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக எழும். அந்தப் படியும் ஒருநாள் மக்கும். ஓவியத்துக்கு வெளிச்சம் பகை, காகிதத்துக்கு ஈரம், கல்லுக்கு மழையும் பெயர் கிறுக்கும் கைகளும். அருங்காட்சியகம் செய்வது இந்தப் பகைகளைத் தாமதப்படுத்துவதுதான்.

இதைச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. 1985இல், காங்கயத்துப் பக்கம் எங்கள் ஊர் நோம்பியில், அம்மாயி கும்மிப்பாட்டு எடுத்துக் கொடுத்தாள். சுற்றி நின்ற பெண்கள் வாங்கிப் பாடினார்கள். நான் டேப்ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாயி போய்விட்டாள். கேசட்டில் பூஞ்சை பிடித்து, இப்போது வெறும் இரைச்சல். பதிவாகிறது என்ற தைரியத்தில் நான் காதுகொடுக்கவில்லை. ஒரு அடிகூட எனக்கு வராது. அன்று வாங்கிப் பாடிய சித்திக்குப் பாதி வருகிறது. மெட்டு மாறிப்போச்சு என்று அவளே சொல்கிறாள். மாறியாவது இருக்கிறது.

பாறையடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் மேலே வந்தார்.

"அதென்னங்க, பாட்டா, கணக்கா?"

"ரெண்டுந்தானுங்க."

"சத்தமாப் படிங்க. கேக்கலாம்."

ஆளுக்கொரு வரியாகப் பிரித்துக்கொண்டோம். முதல்முறை ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். இரண்டாம் முறை பெரியவர் தடியால் பாறையைத் தட்டினார். சேர்ந்தது.

"இப்பிடி இருந்திருக்காதுங்க" என்றார். பிறகு, "இன்னொருக்காப் படிங்க."

நண்பர் ஒருவர் செல்போனை எடுத்தார். தடுக்க நினைத்தேன். என் வரி வந்துவிட்டது.