முப்பத்தெட்டு வருடக் காத்திருப்பு

2003ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூத்த மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக இருக்கவென்று கனடாவுக்குப் போனேன். ஊரில் அப்போது சமாதான காலம். சரக்குத் தூளும் ஒடியல் மாவும் கட்டிக்கொண்டு ரொறன்ரோவில் போய் இறங்கினால், அங்கே சார்ஸ் என்ற புதிய காய்ச்சல். வைத்தியசாலைகளுக்குள் நோயாளரைப் பார்க்க ஆட்களை விடுவதில்லை என்று கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். ஏப்ரலில் பேரன் பிறந்தபோது மருமகன் மட்டும்தான் உள்ளே போனார். இவ்வளவு தூரம் கடல் கடந்து போன நான் பதினொராம் மாடியில் யன்னலோரம் இருந்து நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாடியில் எங்களுக்கு எதிர்க்கதவு ஒரு கனடியப் பெண்மணியுடையது. வயது ஐம்பத்துமூன்று, என்னைவிட ஒரு வயது மூப்பு. ஒரு வைத்தியசாலையில் துப்புரவு வேலை. கணவர் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு பிள்ளைகளும் வேறு மாகாணங்களில். மகள் அவரை அன்ரி என்று கூப்பிடுவாள், நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கினேன்.

அவர் வேலை செய்த இடத்தில் ஒருவருக்கு நோய் கண்டதால் அன்ரியைப் பத்து நாட்கள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த நகரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் அப்படி அடைபட்டுக் கிடந்தார்கள். ஆனால் எங்கள் மாடியில் இருந்தவர்கள் அவருடைய கதவைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். பத்து நாள் முடிந்த பிறகும் அவர் லிப்ற்றுக்குள் ஏறினால் மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள். முகாமிலிருந்து வெளியே வந்தவர்களை ஊரார் பார்த்த பார்வையை அறிந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

நான் இடியப்பமும் பால் சொதியும் ஒரு பெட்டியில் போட்டு அவருடைய கதவடியில் வைத்து, தட்டிவிட்டு வந்துவிடுவேன். மூன்றாம் நாள் பெட்டி கழுவித் திரும்பி வந்தது. உள்ளே ஒரு சிறு கடதாசி. அதிலே ஒரு மிளகாயையும் கண்ணீர் விடும் ஒரு முகத்தையும் வரைந்திருந்தார். சொதிக்கே கண்ணீர்! எங்கள் சிநேகிதம் தொடங்கியது அப்படித்தான். எனக்கு ஆங்கிலம் அரைகுறை, அவருக்குத் தமிழ் அறவே இல்லை. மகள் ஓய்வாக இருக்கும்போது மொழிபெயர்ப்பாள். மற்ற நேரம் கைதான் பேசும்.

கனடாவில் அந்தக் காய்ச்சலால் 44 பேர் இறந்தார்கள். தாதிமாரும் ஒரு வைத்தியரும் கூட அதில் அடக்கம். உலக சுகாதார நிறுவனம் ஏப்ரலில் ரொறன்ரோவுக்குப் போகவேண்டாம் என்று ஒரு கிழமை அளவில் அறிவித்தல் விட்டதோடு ஹோட்டல்களும் சாப்பாட்டுக் கடைகளும் படுத்துவிட்டன. என் மருமகன் பகுதிநேரமாகக் கோப்பை கழுவிய இடத்திலும் வேலை நின்றது. நோய் அடங்கியபோது, சனத்தை மறுபடி நகரத்துக்கு இழுக்கவென்று ஒரு பெரிய இசை நிகழ்ச்சி வைக்கப் போவதாகச் சொன்னார்கள். ஜூலை 30, புதன்கிழமை, டவுன்ஸ்வியூ பூங்காவில். பாட வருகிறவர்கள் ரோலிங் ஸ்ரோன்ஸ்.

உருளும் கற்கள் என்று அந்தப் பெயருக்குப் பொருள். 1962இல் லண்டனில் தொடங்கிய றொக் இசைக் குழு. கிற்றாரும் மேளமுமாகக் காதைப் பிளக்கும். பாடகர் மிக் ஜாகருக்கு நிகழ்ச்சிக்கு நாலு நாள் முன்னர்தான் அறுபது வயது முடிந்தது. மேளம் அடிக்கும் சார்லி வாட்ஸுக்கு அறுபத்திரண்டு. எங்கள் ஊரில் அந்த வயதில் ஆண்கள் சாய்மனைக் கதிரையும் பேப்பருமாக இருப்பார்கள்.

செய்தி வந்த அன்று அன்ரி எங்கள் கதவைத் தட்டிய தட்டில் பேரன் எழும்பிவிட்டான். ரிக்கற் 21 டொலர் 50 சதம். அந்தத் தொகையைத் தாளில் எழுதி எங்களுக்குக் காட்டி, தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

1965ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தக் குழுவினர் ரொறன்ரோவுக்கு வந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. தகப்பன் விடவில்லை. தலைமயிர் வளர்த்த காவாலிகளிடம் பெண்பிள்ளையை அனுப்பமாட்டேன் என்றாராம். அதன்பிறகு கலியாணம், குடிக்கிற புருஷன், இரண்டு பிள்ளைகள், இரவு வேலை. குழுவினர் பலமுறை வந்து போனார்கள். ஒவ்வொரு முறையும் ரிக்கற் காசு பிள்ளையின் சப்பாத்துக்கோ பல்வைத்தியருக்கோ போய்விடும். இசைத்தட்டுகளும் கசற்றுகளும் மட்டும் அலுமாரி நிறைய இருந்தன. ஒரு தடவையாவது நேரில் பார்க்கவில்லை. அப்படியே முப்பத்தெட்டு வருடம்.

எனக்கு உள்ளூர அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இவ்வளவு பேர் செத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் செத்தவீடு நடந்தால் ஆண்டுத் திவசம் வரைக்கும் ஒரு நல்லநாள் பெருநாள் கொண்டாடுவோமா? மகளும், “இந்த வயசில இவவுக்குத் தேவையோ அம்மா? அது பாட்டே இல்லை, வெறும் சத்தம்” என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

ஆனால் அன்ரியைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏனோ அலுக்கவில்லை. குசினிச் சுவரில் கலண்டரைத் தொங்கவிட்டு ஒவ்வொரு இரவும் ஒரு கட்டத்தை வெட்டினார். நாள் முழுக்க நிற்கவேண்டும் என்று லிப்ற்றை விட்டுப் பதினொரு மாடியும் படியால் ஏறிப் பழகினார். நரையை மறைக்க மையடித்து, அது செம்பட்டையாகிப் போய், இரண்டு நாள் தலையில் துணி கட்டிக்கொண்டு திரிந்தார். குழுவினரைப் பற்றிப் பேசும்போது குழப்படிக்காரத் தம்பிமாரைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். கிற்றார் வாசிக்கும் கீத் றிச்சேட்ஸ் 1977இல் இதே ரொறன்ரோவில் போதைப்பொருளோடு பிடிபட்டவர். மறுவருடம் வழக்குத் தீர்ந்தபோது, சிறைக்கு அனுப்பாமல், கண்பார்வையற்றோருக்காக இலவசமாக ஒரு நிகழ்ச்சி நடத்தவேண்டும் என்று நீதிபதி கட்டளையிட்டார். 1979இல் பக்கத்து நகரமான ஒஷாவாவில் அதை நடத்தியும் கொடுத்தார்கள். குழுவினர் போகும் இடமெல்லாம் வழித்துணை கேட்டுப் பின்னால் போன பார்வையற்ற ரசிகை ஒருத்தி நீதிபதியிடம் தனக்காகப் பேசினாள் என்று கீத் பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதினார். அப்படியொரு தீர்ப்பை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

நான் அந்தக் கலண்டரைத்தான் அதிகம் பார்த்தேன். காத்திருப்பதற்கு ஒரு திகதி இருந்தது. வெட்டிக்கொண்டு போனால் ஒருநாள் முடியும். என் மகன் 1996இல் காணாமற்போனவன். அன்றிலிருந்து நானும் காத்திருந்தேன், ஆனால் எந்தக் கட்டத்தை வெட்டுவது?

அவர் என்னையும் கூப்பிட்டார். எனக்கும் சேர்த்து ஒரு ரிக்கற் எடுக்கிறேன் என்றார். பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று மறுத்துவிட்டேன். உண்மையான காரணம் அதுவல்ல. மகன் போன நாளிலிருந்து நான் பாட்டுக் கேட்பதில்லை. கோயிலில் தேவாரம் படித்தால் எழும்பி வெளிவீதிக்குப் போய்விடுவேன்.

ஜூலை 30 விடிய முன்னரே அன்ரி புறப்பட்டுவிட்டார். நான் புளிச்சாதம் கட்டிக் கொடுத்தேன், மிளகாய் போடாமல். நண்பகலில் நிகழ்ச்சி தொடங்கியது. ரஷ், ஏசி டிசி என்று பெயர் கேட்ட பழைய குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் முடிய நள்ளிரவாகியது. வந்திருந்த சனம் நாலரை இலட்சம் என்று மதிப்பிட்டார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சனம் முழுவதையும் ஒரே வெளியில் நிற்பாட்டியது போல. அந்தப் பூங்கா முன்னர் விமானப்படைத் தளமாக இருந்த நிலம் என்று மருமகன் சொன்னபோது, வீட்டுக் காணிகளெல்லாம் தளமாகிப் போன எங்கள் ஊர்களை நினைத்துக்கொண்டேன்.

பேரனை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் பார்த்தேன். சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சனத்தை மட்டும் பார்த்தேன். நரைத்த தாடிக்காரர்கள், தகப்பனின் தோளில் சிறுவர்கள், என் வயதுப் பெண்கள். நடுவில் ஜஸ்ரின் ரிம்பர்லேக் என்ற இளம் பாடகர் மேடைக்கு வர, பழைய குழுக்களின் ரசிகர்கள் தண்ணீர்ப் போத்தல்களால் எறிந்தார்கள். விருந்துக்கு வந்த பிள்ளைக்கு எறிவது எந்த ஊர்ப் பழக்கமோ தெரியவில்லை. செம்பட்டைத் தலை ஒன்று எங்காவது தெரிகிறதா என்று படத்துக்குப் படம் தேடினேன். கூட்டத்துக்குள் ஒரு முகத்தைத் தேடுவது எனக்குப் பழகிய வேலை. ஏழு வருடமாக பேப்பர்ப் படங்களில், திருவிழாவில், பஸ் தரிப்பில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்குத் தேடிய ஆள் மட்டும் இரவு வீட்டுக்கு வந்துவிடுவார் என்று தெரியும். அது எவ்வளவு சுகமான தேடல் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அதிகாலை மூன்று மணிக்கு வந்தார். சப்பாத்து கையில், தொண்டை அடைத்துவிட்டது. மேடை எங்கோ தொலைவில் இருந்ததாம். மிக் ஜாகர் பெருவிரல் அளவில் தெரிந்தாராம். பெரிய திரையில்தான் முகம் பார்த்தாராம். முப்பத்தெட்டு வருடம் காத்திருந்து பெருவிரல் அளவு! அந்தப் பெருவிரலை எனக்கு உயர்த்திக் காட்டிச் சிரித்தார். இறந்தவர்களை மறந்துவிட்டா ஆடினீர்கள் என்று மகளைக் கொண்டு கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை. லிப்ற்றுக்குள் ஒருவரும் கூட நிற்காத ஒரு பெண் அன்றைக்கு நாலரை இலட்சம் பேரோடு தோள் முட்டி நின்றுவிட்டு வந்திருந்தார்.

இரண்டு கிழமை கழித்து, ஆகஸ்ட் 14 பின்னேரம், ரொறன்ரோ முழுக்க மின்சாரம் நின்றது. அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் அதே நேரத்தில் நின்றது. லிப்ற் நின்று, எங்கள் மாடித் தொடர் இருண்டது. அயலவர்கள் பதறினார்கள். நான் பதறவில்லை. ஜாம் போத்தல் ஒன்றில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, நடைபாதையில் வைத்தேன். 1990இலிருந்து பல வருடங்கள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. மின்சார நிலையம் இருந்த சுன்னாகத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு, ஆனாலும் ஜாம் போத்தல் விளக்கில்தான் பிள்ளைகள் படித்தார்கள்.

அன்ரி பற்றரியில் வேலை செய்யும் கசற் றேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தார். அவருடைய ஸ்ரோன்ஸ் பாடத் தொடங்கினார்கள். நான் எழும்பிப் போயிருக்கவேண்டும். இருட்டில் எங்கே போவது? பற்றரி இறங்கத் தொடங்க, பாட்டு இழுபட்டுக் குரல் தடித்தது. அதைக் கேட்டதும் என்னையறியாமல் சொல்லிவிட்டேன்: “என்ர தம்பியும் இப்பிடித்தான் பாட்டுப் போடுவான்.”

பற்றரி தடைசெய்யப்பட்ட காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, பெடலைக் கையால் சுற்றித்தான் நாங்கள் பாட்டுக் கேட்டோம். உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். என் மகன் சுற்றுவான், தங்கச்சிமார் சுற்றிவர இருப்பார்கள். கை உளைந்து வேகம் குறைந்தால் பாடகருக்குக் குரல் தடித்துவிடும். அவனுக்கு நித்தி கனகரத்தினத்தின் பொப்பிசைப் பாட்டென்றால் உயிர். வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி, பாட்டைக் கிழவனின் பாட்டாக்கி எல்லோரையும் சிரிக்க வைப்பான். பத்தொன்பது வயதில் ஒருநாள் கடைக்குப் போனவனைச் சந்தியில் வைத்துக் கொண்டுபோனார்கள். சைக்கிள் வேலியோடு சாத்தியபடி நின்றது. நான்தான் அதை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மகள் மொழிபெயர்த்துக்கொண்டு வந்தவள் இடையில் நிறுத்திவிட்டாள். தம்பியைப் பற்றி ஏழு வருடத்தில் நான் அவளோடுகூட அவ்வளவு பேசியதில்லை. அன்ரி எனக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அவன் எந்தப் பாட்டை அதிகம் போடுவான் என்று கேட்டார். நான் ‘சின்ன மாமியே’ என்றேன். பாடிக் காட்டு என்றார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பாடினேன், முதலில் சரியான வேகத்தில், பிறகு அவன் செய்வது போல இழுத்து. பதினொராம் மாடியில் மூன்று பெண்கள் இருட்டில் சிரித்த சத்தத்துக்கு ஒரு கதவு திறந்து மூடியது.

செப்டம்பரில் ஊர் திரும்பினேன். அன்ரியோடு தொலைபேசித் தொடர்பு இன்றுவரை உண்டு, மகள்தான் நடுவில். 2021 ஆகஸ்டில் சார்லி வாட்ஸ் இறந்தபோது அவர் அழுதார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் மகனைப் பற்றி ஏதும் தகவல் உண்டா என்று கேட்பார். மற்றவர்கள் கேட்பதை நிறுத்திக் கனகாலம்.

2022இல் எங்கள் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோதும் எடுத்தார். ஸ்ரோன்ஸ் தங்களுடைய அறுபதாவது வருடச் சுற்றுப்பயணம் போகிறார்கள் என்று சொல்லிவிட்டு, உன் மகனின் சைக்கிள் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, டைனமோதான் துருப்பிடித்துவிட்டது என்றேன். அடுத்த நாள் அதைக் கழற்றிச் சந்தியிலுள்ள சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்தேன். புதிதாக ஒன்று வாங்குங்கோ அம்மா, இது சரிவராது என்றார். இதையே திருத்தித் தாங்கோ தம்பி என்று சொல்லிவிட்டு, அவர் கையெடுக்கும் வரைக்கும் அந்த வாங்கிலேயே இருந்தேன்.