பூக்காரம்மா படம்

நம்ம கேமராக் கிறுக்கைப் பத்தி உங்களுக்குப் புதுசாச் சொல்ல ஒண்ணுமில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலா, காலைல ஆறரைக்கு மயிலாப்பூர் மாட வீதியில ஒரு சுத்து. சனி, ஞாயிறுன்னா வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயில்ல வந்து இறங்கற பேரனும் பேத்தியும் கூட வருவாங்க. தங்கமணிக்கு இதுல ரொம்பத் திருப்தி. ஒரு மணி நேரம் வீடு அமைதியா இருக்குமாம் :-)

ஆரம்பிச்சது என்னவோ அக்ஃபா கிளிக் 3-ல. எழுபதுகளோட கடைசியில வாங்கினது. 120 ஃபிலிம் போட்டா பன்னிரண்டே படம். வெயில், மேகம்னு குட்டியாப் படம் போட்டிருக்கும், வானத்தைப் பாத்துத் திருப்பி வச்சுக்கணும். அவ்ளோதான் வித்தை. என் பிள்ளையோட முதல் பிறந்தநாளுக்கு ஒரு ரோல், பள்ளிக்கூடம் சேத்தப்போ ஒரு ரோல். நடுவுல அவன் எப்படி இருந்தான்னு சொல்ல ஆதாரமே கிடையாது. ஆனா எடுத்த பன்னிரண்டும் பிரிண்ட் ஆகி வரும். படத்துல இருக்கறவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காப்பி போகும்.

இப்போ பேத்தி ஒரு தும்மல் போடறதுக்குள்ளே போன்ல நாப்பது படம். பிரிண்ட் மட்டும் ஒண்ணுகூடக் கிடையாது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

என்னென்ன எடுத்திருக்கேன்னு கேட்டா... நவராத்திரிக்கு முன்னாடி வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மை பரப்பியிருப்பாங்க இல்லையா, அதுல செட்டியார் பொம்மையோட தொப்பையைப் பேரன் தடவிப் பாக்கறது. பங்குனிப் பெருவிழாவுல எட்டாம் நாள் அறுபத்துமூவர். பேரனைத் தோள்ல உக்கார வச்சு ஒத்தைக் கையால எடுத்த படத்துல நாயன்மார் பல்லக்கு பாதி, யாரோ நீட்டின நீர்மோர் டம்ளர் பாதி. 2022 டிசம்பர்ல ஹைகோர்ட் உத்தரவு வந்ததிலிருந்து கோயில்களுக்குள்ளே போன் கூடாதுன்னு ஆயிடுச்சு. அதனால என் எல்லை கோபுர வாசலோட சரி.

குழந்தைங்களை எடுக்க எனக்குத் தெரிஞ்ச ஒரே சூட்சுமம், முட்டி போட்டு அவங்க உசரத்துக்கு இறங்கறதுதான். நின்னுக்கிட்டு எடுத்தா உச்சந்தலையும் ரிப்பனும்தான் வரும். இறங்கினா இன்னொண்ணும் நடக்கும். தரையில உக்காந்து வியாபாரம் பண்றவங்க எல்லாரும் நேருக்கு நேர் தெரிய ஆரம்பிப்பாங்க. கீரைக்கட்டு, எலுமிச்சம்பழக் கூறு, பூக்கூடை.

அப்படித்தான் பூக்காரம்மா என் படத்துக்குள்ளே வந்தாங்க.

தெற்கு மாட வீதி முனையில, காய்கறிக் கடைங்க ஆரம்பிக்கற இடத்துல உக்காந்திருப்பாங்க. பதினோரு வருஷமா அவங்ககிட்டதான் சாமிக்கு ரெண்டு முழம். பேசிக்கிட்டே கட்டுவாங்க, கண்ணு ரோட்டுல இருக்கும், விரல் மட்டும் அது பாட்டுக்கு ஓடும். கேமராவைத் தூக்கினா, "தெனம் எடுக்கறியே சார், ஒரு காப்பி குடேன்" னு கேப்பாங்க. "குடுத்துடலாம்மா" ன்னு சொல்லிட்டு வந்துடுவேன். ஒரு தடவை இல்ல, எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு எனக்கே கணக்கில்லை.

போன மாசம் ஒரு நாள் சாயங்காலம் வாசல்ல ஒரு பையன். முப்பது வயசு இருக்கும். கையில ஹெல்மெட்.

"சார், நான் பூக்காரம்மா பையன். அம்மா பூட்டாங்க சார். பத்து நாளாச்சு."

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. பத்து நாளா அந்த முனையில கூடை இல்லாததைப் பாத்தேன். ஊருக்குப் போயிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டு, பக்கத்துல வேற ஆள்கிட்ட பூ வாங்கிட்டு வந்துட்டேன்.

"மாலை போட ஒரு போட்டோ இல்ல சார். ஆதார் கார்டுல மூஞ்சியே தெரில. நீங்க நெறைய எடுத்துருக்கீங்கன்னு அம்மா சொல்லும்."

"ரெண்டு நாள் டைம் குடுப்பா" ன்னேன்.

ராத்திரி ஹார்ட் டிஸ்கைத் திறந்து உக்காந்தேன். பூக்காரம்மா மட்டும் இருநூறு படத்துக்கு மேல. மல்லிகையும் விரலும், நல்ல க்ளோசப். காலை வெளிச்சத்துல கூடையோட நிழல். முழம் போடற முழங்கை. பின்பக்கத்திலிருந்து கொண்டை. எல்லாம் நண்பர்கள் பாராட்டின படங்க. அதுல ஒண்ணுலகூட முகம் இல்லை! கலைநயமா எடுக்கறேன்னு கை, கூடை, நிழல்னு சுத்திச் சுத்தி எடுத்திருக்கேனே ஒழிய, ஒரு மனுஷியோட மூஞ்சியை நேரா ஒரு தடவை எடுக்கணும்னு தோணவே இல்லை. அக்ஃபா காலத்துல இப்படி ஆயிருக்குமா? அப்போ எடுத்ததே முகத்தைத்தான்.

ராத்திரி ஒண்ணரை மணிக்குப் பேத்தியோட ஃபோல்டர்ல கிடைச்சுது. 2019 நவராத்திரி. நாலு வயசுப் பேத்தி பட்டுப்பாவாடையில திரும்பி நிக்கறா. பூக்காரம்மா அவ பின்னல்ல ஒரு துண்டு கதம்பத்தைச் செருகிட்டு, அவ ஏதோ சொன்னதுக்கு வாய்விட்டுச் சிரிக்கறாங்க. வெத்தலைக் கறை படிஞ்ச பல்லு, நெத்தியில பெரிய பொட்டு, எல்லாம் பளிச்சுனு. நான் பேத்தியை எடுத்ததா நெனச்சுக்கிட்டிருந்த படம். பேத்தி முகமே அதுல தெரியலைன்னு ஒதுக்கி வச்சிருந்தேன்.

ஒரு சிக்கல். "கேக்காம என்னை எடுக்காதீங்க, யாருக்கும் அனுப்பாதீங்க தாத்தா" ன்னு பேத்தி போன வருஷம் கண்டிஷன் போட்டிருக்கா. நியாயம்தான். காலைல போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"குடுங்க தாத்தா. அவங்க பேரு என்ன?"

பதினோரு வருஷம். எனக்குத் தெரியாது. பூக்காரம்மான்னே கூப்பிட்டுக்கிட்டிருந்திருக்கேன்.

பையனைக் கூட்டிக்கிட்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். கம்ப்யூட்டர்ல இருந்த தம்பி, "குழந்தை தலையை எடுத்துட்டு, பின்னாடி ப்ளூ போட்டுடலாம் சார். பட்டுப்புடவைகூட மாத்திக் குடுத்துடுவேன்" னார். அவர் தொழில் அது. பையன் திரையையே பாத்துக்கிட்டிருந்தான். "இல்லண்ணா, கூடை இருக்கட்டும். பாப்பா பின்னலும் இருக்கட்டும். அத்தப் பாத்துதான அம்மா சிரிக்குது" ன்னான்.

பன்னிரண்டுக்குப் பதினாறுல பெரிசா ஒண்ணு, சின்னதா ரெண்டு. காசு நான்தான் குடுப்பேன்னு சண்டை போட்டுக் குடுத்தேன். பதினோரு வருஷ பாக்கி அது. சின்னதுல ஒண்ணு எனக்கு. அதுக்குப் பின்னாடி பையன்கிட்ட கேட்டு அவங்க பேரை எழுதி வச்சிருக்கேன். (பென்சில்லதான் எழுதணும், மை நாளாவட்டத்துல ஊறி முன்பக்கம் வந்துடும்.) இங்கே எழுதலை. அது அவங்க வீட்டு விஷயம்.

இப்போ ஒரு புது வழக்கம். மாசத்துல முதல் சனிக்கிழமை பத்து பிரிண்ட். தேங்காய்க் கடைக்காரர், இஸ்திரி போடறவர், கீரை விக்கற அம்மா. முதல்ல பேரைக் கேக்கறேன், அப்புறம் எடுக்கட்டுமான்னு கேக்கறேன். முகம் தெரிய, நேரா. இஸ்திரி போடறவர் தலை சீவிக்கிட்டு வரேன்னு உள்ளே போயி, சட்டையே மாத்திக்கிட்டு வந்து நின்னார். கலையெல்லாம் ஒண்ணுமில்லை, பாஸ்போர்ட் போட்டோ மாதிரிதான் இருக்கு. அவர் அதைத் தள்ளுவண்டியில சாமி படத்துக்குக் கீழே ஒட்டி வச்சிருக்கார்.

நீங்களும் வீட்டுல பழைய படங்களைக் கொஞ்சம் கிளறிப் பாருங்க. பேரப் பிள்ளைங்களுக்குப் பின்னாடி யாராவது நின்னுக்கிட்டிருப்பாங்க. ஒரு பிரிண்ட் போட்டு, இருக்கும்போதே குடுத்துடுங்க.