இல்லம் புதுப்பித்தலும் உள்ளம் காத்தலும்

அரபு மொழியில் குடியிருக்கும் இடத்தை 'மஸ்கன்' என்பர். உள்ளத்தில் இறங்கும் அமைதிக்கு 'ஸகீனா' என்று பெயர். இரண்டும் ஒரே வேரினின்று கிளைத்தவை; அசைவு நின்று அடங்குதல் என்பது அவ்வேரின் பொருள். ஆனால் பூர்விக வீட்டைப் பழுதுபார்க்கத் தொடங்கியவர் முதலில் இழப்பது அந்த ஸகீனாவைத்தான். கோவைக் கோட்டைமேட்டில் பாட்டனார் கட்டிய வீட்டை ஓராண்டாகச் சீர்படுத்தி வரும் நான், கண்டறிந்ததையே எழுதுகிறேன்.

வீட்டின் இயல்பறியாமல் வேலை தொடங்குவது அமைதி குலைவதற்கு முதற் காரணம். மதுக்கரையில் சிமெண்டு ஆலை ஏற்பட்டது 1934-ஆம் ஆண்டில். எங்கள் வீடு அதற்கு முந்தியது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் தேக்கு உத்திரமும் கொண்டது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும்; உப்புப் பூத்துப் பூச்சு பெயரும். "சிமெண்டுன்னா ஒரு வாரத்துல முடிச்சுத் தந்துடறனுங்க, அஜ்ரத்" என்றார் கொத்தனார். சுண்ணாம்பு வேலை தெரிந்த முதியவர் ஒருவரைத் தேடி அழைத்து வந்தோம். அவர் சுண்ணாம்பை நீற்றிப் பல நாள் ஊறவைத்து, மணல் சேர்த்து அரைத்துப் பூசினார். ஒரு சுவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. பழைய வீடு தன் கணக்கில்தான் நடக்கும் என்று மனம் ஏற்றுக்கொண்ட அன்றே பதற்றத்தில் பாதி தணிந்தது.

மறுபாதி மனிதரால் வருவது. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்பது வெளிநாட்டிலுள்ள தம்பியின் எண்ணம். திண்ணையில் ஒரு கல்லையும் அசைக்கலாகாது என்பது மூத்தவரின் பிடிவாதம். கணவரை இழந்து அவ்வீட்டிலேயே வாழும் தமக்கையாரிடம் ஒருவரும் கருத்துக் கேட்கவில்லை.

அப்போது என் நினைவுக்கு வந்தது குறைஷியர் கஅபாவைப் புதுப்பித்த வரலாறு. பெருமானார் (ஸல்) அவர்களுக்கு அப்போது வயது 35. ஒற்றுமையாய்ச் சுவர் எழுப்பியவர்கள், ஹஜருல் அஸ்வதைப் பதிக்கும் பெருமை யாருக்கு என்பதில் போருக்கே துணிந்தார்கள். பெருமானாரோ ஒரு துணியை விரித்துக் கல்லை அதில் வைத்து, எல்லாக் குலத்தாரும் ஓரம் பிடித்துத் தூக்கச் செய்து, பின்பு தம் கையால் பதித்தார்கள். மேலும், நேர்வழியில் வந்த பொருளையே செலவிடுவதெனக் குறைஷியர் உறுதி செய்திருந்தனர். அது போதாமற் போகவே ஒரு பகுதியைச் சுவருக்கு வெளியே விட்டனர். அதுவே ஹிஜ்ர்.

நாங்களும் துணியின் ஓரங்களைப் பகிர்ந்துகொண்டோம். தமக்கையாரின் பங்கு முதலில் எழுத்தில் பதிவாயிற்று. சமையலறையும் முற்றமும் அவர் சொற்படி. கணக்கு தம்பியிடம், மரவேலை மூத்தவரிடம். வட்டிக் கடன் வேண்டாமென்றதால் மாடி அரைகுறையாக நிற்கிறது; நிற்கட்டும்.

வாசக அன்பர்களே, இப்பணியில் இறங்குவோர் ஓர் அறையையேனும் தூசிபடாமல் ஒதுக்கி வையுங்கள். மஃரிபுக்குப் பின் வீட்டு வேலையைப் பற்றிப் பேசாதீர்கள். வேலை முடியும் நாளில் உடன்பிறந்தோர் ஒரே தட்டில் உண்ணும் உறவு எஞ்சியிருந்தால்தான் அது மஸ்கன். இல்லையேல் நாம் பூசியது வெறும் சுவரே.