பச்சைப் பூச்சுக்குக் கீழே

2017 இலையுதிர்காலத்தில் ஒரு மாலை, வடமேற்கு லண்டனில் இருந்த என் அலுவலகத்துக்கு ஓர் ஆங்கிலேய முதியவர் பிஸ்கற் தகரப்பெட்டி ஒன்றை மார்போடு அணைத்தபடி வந்தார். ஓய்வுபெற்ற தச்சுவேலை ஆசிரியர். பெட்டிக்கு மேலே மெல்பேர்ண் சட்டத்தரணி ஒருவரின் கடிதம் இருந்தது. விற்ற காருக்கு வாங்கிய 11,500 பவுணையும் திருப்பித் தரவேண்டும், தவறினால் வழக்கு என்று அது சொன்னது.

கார் 1968ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் ட்ரவலர். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்துவிட்டது. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத நாட்களில், சித்தப்பா தன் மைனரின் காபுறேற்றருக்குள் சில துளி பெற்றோலை மட்டும் விட்டு ஸ்ராற் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். பின்னால் எழும் வெள்ளைப் புகையின் மணத்தை இன்றும் என்னால் சொல்லமுடியும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அந்தக் கார்தான் பிரித்தானியாவில் உற்பத்தி பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் கார். ட்ரவலர் அதன் எஸ்டேற் வகை. பின்பகுதி முழுவதும் ஆஷ் மரச்சட்டம். அது அலங்காரமல்ல, உடலைத் தாங்குவதே அந்த மரம்தான். உளுத்தால் அந்நாட்களில் வருடாந்தப் பரிசோதனையில் கார் தேறாது. என் கட்சிக்காரர் 49 வருடமாக, ஏறக்குறைய ஒவ்வொரு கோடையிலும் அந்த மரத்தைத் தேய்த்து வார்னிஷ் பூசியவர். யன்னல் கண்ணாடி ஓடும் தவாளிப்பில் பாசி பிடிக்காத ட்ரவலர் அபூர்வம். அவருடையதில் பாசி இருக்கவில்லை, படங்களில் பார்த்தேன்.

மனைவி இறந்து, கண் பார்வையும் மங்கியதால் விற்றார். விளம்பரத்தில் அவர் எழுதியது இரண்டே வசனம்: "புதிதாக வாங்கியதிலிருந்து ஒரே உரிமையாளர். எஞ்சின் உட்பட எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே." உறவினரைப் பார்க்க இங்கிலாந்து வந்திருந்த அவுஸ்திரேலியர் ஒருவர் காரை நேரில் பார்த்து, ஓட்டி, முழுப் பணத்தையும் கொடுத்தார். கப்பலில் ஏற்றும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார்.

மெல்பேர்ண் துறைமுகத்தில் கார் மறிக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவில் 2003 டிசம்பர் 31 முதல் அஸ்பெஸ்ரஸ் எந்த வடிவிலும் தடை. பழைய கார்களின் பிறேக் லைனிங், கிளச், கஸ்கற் எல்லாவற்றிலும் அது இருந்தது. 2017இல் எல்லைக் காவலர்கள் சோதனையை இறுக்கியிருந்தார்கள். கழற்றிய மாதிரிகள் ஆய்வுகூடத்துக்குப் போயின, அஸ்பெஸ்ரஸ் இருப்பது உறுதியானது, உரிமம் பெற்றவர்களைக் கொண்டு அகற்றவேண்டியதாயிற்று. கட்டணம் ஏறிக்கொண்டே போனது.

இந்த முதல் குற்றச்சாட்டு என்னை வருத்தவில்லை. தடைசெய்த பொருளைக் கொண்டுவராமல் பார்த்துக்கொள்வது இறக்குமதியாளரின் கடமை. இங்கிலாந்தில் வீட்டு வாசலில் வைத்து விற்ற முதியவர் அவுஸ்திரேலியச் சுங்கத்தைப் பற்றி எந்த உறுதியும் கொடுக்கவில்லை. தனியார் விற்பனை என்பதால் 1979ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் தரம் பற்றிய பிரிவும் அவரைத் தொடாது, அது வியாபாரிகளுக்கு. "எல்லாம் வந்தபடியே" என்றால் அஸ்பெஸ்ரஸும் வந்தபடியேதான் இருக்கும்.

வயிற்றைக் கலக்கியது இரண்டாவது குற்றச்சாட்டு. சிலிண்டர் ஹெட் கஸ்கற்றைக் கழற்றும்போது எஞ்சினின் பச்சைப் பூச்சு உரிந்திருக்கிறது. கீழே பொன் நிறம். மொறிஸ் காரைச் செய்த பிஎம்சி நிறுவனம் தேய்ந்த எஞ்சினை வாங்கிக்கொண்டு, புதுப்பித்த எஞ்சினைக் கொடுக்கும் ஏற்பாடு வைத்திருந்தது. 'கோல்ட் சீல்' என்ற அந்த எஞ்சின்களுக்குப் பொன் நிறம் பூசுவார்கள். டைனமோவுக்கு மேலே இருந்த இலக்கத் தகட்டின் படத்தையும் அனுப்பியிருந்தார்கள். பதிவுப் பத்திரத்தில் இருந்த இலக்கம் வேறு.

"என் எஞ்சினை யாரும் தொட்டதில்லை" என்றார் கட்சிக்காரர். குரல் நடுங்கியது. நான் நம்பினேன், ஆனால் தகடு பொய் சொல்லாது.

சட்டக் கல்லூரியில் படித்த இரண்டு தீர்ப்புகள் அன்றிரவு முழுவதும் தலைக்குள் ஓடின. இரண்டுமே பிரித்தானியக் கார்கள் பற்றியவை, இரண்டிலும் விற்றவர் நேர்மையான தனிமனிதர். 1957இன் ஒஸ்கார் செஸ் வழக்கில், 1948ஆம் ஆண்டு மொறிஸ் என்று ஒருவர் கொடுத்த கார் உண்மையில் 1939இல் செய்தது. பதிவுப் புத்தகத்தை முன்பே யாரோ திருத்தியிருந்தார்கள். அவர் புத்தகத்தை நம்பிச் சொன்னார், அது உத்தரவாதமல்ல என்று டெனிங் பிரபு உட்பட்ட பெரும்பான்மை விட்டுவிட்டது. பத்து வருடம் கழித்து பீல் எதிர் ரெயிலர். 1961 ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்று விளம்பரமாகி 190 பவுணுக்கு விற்ற கார், இரண்டு கார்களின் பாதிகளை ஒட்டவைத்தது. பின்பாதி மட்டும்தான் 1961. வாங்கியவர் நேரில் பார்த்து வாங்கியும், விற்றவருக்கு ஒன்றும் தெரியாதிருந்தும், விவரணத்துக்குப் பொருள் ஒத்திருக்கவில்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 125 பவுண் கொடுக்கச் சொன்னது. எங்கள் விளம்பரத்தின் இரண்டாம் வசனம் பீல் வழக்குக்குத்தான் கிட்டவாக இருந்தது. எஞ்சினைப் பெயர் சொல்லி எழுதியிருந்தார். 1979ஆம் ஆண்டுச் சட்டத்தில் விவரணம் பற்றிய 13ஆம் பிரிவுக்கு விற்பவரின் மனச்சுத்தம் ஒரு பொருட்டேயல்ல.

மறுநாள் அவர் வீட்டுச் சமையலறை மேசையில் தகரப்பெட்டியைக் கவிழ்த்தோம். ரசீதுகள், ரயர் விற்ற கடையின் பில்கள். அடியில் மனைவியின் நீலக் கொப்பி: பெற்றோல் எத்தனை கலன், ஓயில் எப்போது மாற்றியது, எல்லாம் பென்சிலில். முதியவருக்குக் கண் மங்கி எழுத்துத் தெரியாததால் நான் சத்தமாக வாசித்துக்கொண்டு போனேன். 1979 ஓகஸ்ற்றுக்கு வந்ததும் என் வாய் நின்றுவிட்டது. பிள்ளைகளோடு வேல்ஸ் போகும் வழியில் எஞ்சின் பிடித்துவிட்டது, கராஜ்காரர் இரண்டு நாளில் கோல்ட் சீல் போட்டார், அவர் ஆஸ்பத்திரியால் வரும்வரை சொல்லக்கூடாது. அடுத்த வரி: பச்சைப் பெயின்ற், சின்ன டின் ஒன்று.

அந்தக் கோடை முழுக்க அவர் முதுகுச் சத்திரசிகிச்சைக்காகப் படுக்கையில் கிடந்தவர்.

நான் வாசித்து முடித்தேன். அவர் எழுந்து கேத்திலில் தண்ணீர் வைத்தார். வெகுநேரம் முதுகைக் காட்டியபடியே நின்றார். "வீட்டுச் சிலவுக்கு வைத்த காசில்தான் கட்டியிருப்பாள்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு சட்டத்தரணியாக நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். வழக்கு வந்தால், சிவில் நடைமுறை விதி 31.6இன்படி நமக்குப் பாதகமான ஆவணத்தையும் எதிர்த்தரப்புக்குக் காட்டியாகவேண்டும். வழக்கு இன்னும் வரவில்லை. இன்று அனுப்பவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எஞ்சின் மாறவில்லை என்று மட்டும் இனி என் கையெழுத்தில் ஒரு கடிதம் போகாது. அவர் யோசிக்கவே இல்லை. "பிரதி எடுத்து இன்றைக்கே அனுப்புங்கள். எழுதியது நான், பிழை என்னுடையது" என்றார்.

அனுப்பினேன். கூடவே சட்ட நிலையையும் எழுதினேன்: வாங்கியவர் எஞ்சினைப் பிரித்துவிட்டார், பல மாதமும் போய்விட்டது, 35ஆம் பிரிவின்படி ஏற்றுக்கொண்ட காரை இனித் திருப்ப முடியாது. 53ஆம் பிரிவு தரும் இழப்பீடு, சொன்னபடி இருந்தால் பெறும் விலைக்கும் இருக்கிறபடி பெறும் விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. இருதரப்பு மதிப்பீட்டாளர்களும் ஒத்துவந்த தொகை 900 பவுண். பீல் வழக்கைக் காட்டி இன்னும் இழுத்திருக்கலாம், அவர்கள் இழுக்கவில்லை. கொப்பியின் பிரதியே அதற்குக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

900 பவுண் அதே வாரம் போனது. அஸ்பெஸ்ரஸ் செலவை வாங்கியவரே ஏற்றார். நீதிமன்றப் படி ஏறாமலே விஷயம் முடிந்தது. 2018 வசந்தத்தில் கார் துறைமுகத்தைவிட்டு வெளியே வந்தது. கொப்பியின் அந்தப் பக்கத்தின் பிரதி இப்போது காரின் ஆவணங்களோடு மெல்பேர்ணில் இருக்கிறது. மூலத்தை முதியவர் தகரப்பெட்டியில் திருப்பி வைத்துக்கொண்டார்.